நின்றால் சுடுகின்றதா, ஓடினால் சுடுகின்றதா?



பொறியியல் பயிலாத நான் மோட்டார் வண்டியைப் பற்றி எழுத முன்வந்தது உங்களுட் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் பௌதிகம் பயிலும் முதுகலை மாணவன். வெப்பவியல் தாளில் நல்ல மதிப்பெண் பெற்றவன். அந்த மதிப்பெண் ஒரு தம்பியின் கை வெந்துபோவதைத் தடுக்கவில்லை. அதனாலேயே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

காசியில் அனுமான் கட்டத்தில் சில தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், நம் மன்றத்துக்குத் தம் பழைய வேனை இரவல் கொடுப்பதை நீங்கள் அறிவீர்கள். நாம் அவரை ‘மாமா’ என்றே அழைக்கின்றோம். வண்டி 2009-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. முன் இருக்கைகளுக்கு அடியில் மூன்று உருளைகள் கொண்ட சிறு பெட்ரோல் எஞ்சின், நீரால் குளிர்விக்கப்படுவது. பொங்கலுக்குக் கரும்பு ஏற்றுவதும், புது மாணவர்களை ரயிலடியிலிருந்து அழைத்து வருவதும் அதன் பணிகள்.

2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு நண்பகல். முன்பு முகல்சராய் என்றும், 2018 முதல் தீன்தயாள் உபாத்யாய சந்திப்பு என்றும் வழங்கும் நிலையத்தில் ஒரு புது மாணவியையும் அவர் தாயாரையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். அவர்களைக் கோதௌலியா அருகே ஒரு விடுதியில் இறக்கிவிட வேண்டியிருந்ததால் இராஜ்காட் பாலத்தின் வழியே வந்தோம். 1887-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் கீழே ரயிலும் மேலே சாலையும் செல்வதை எல்லோரும் அறிவோம். பாலத்துக்கு முன் படாவ் நாற்சந்தியில் நெரிசல், வண்டி நகரவில்லை. சிறிது நேரத்தில் இருக்கையின் அடியிலிருந்து அனல் எழுந்தது. வெப்பங்காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

வண்டியை ஓரங்கட்டினேன். “தண்ணீர் குறைந்திருக்கும், மூடியைத் திறந்து பார், தம்பி” என்று உடன் வந்த இளங்கலை மாணவனிடம் நான்தான் சொன்னேன். அவன் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினான். அடுத்த கணம் கொதிநீரும் ஆவியும் பீறிட்டு அவன் வலக்கையை உள்ளங்கையிலிருந்து முழங்கை வரையில் வேகவைத்துவிட்டன.

மாணவியின் தாயார் சிறிதும் பதறாமல், ரயிலுக்கென்று கொண்டுவந்த நீர்க்குடுவைகளை எல்லாம் எடுத்து அவன் கையில் ஊற்றிக்கொண்டே இருந்தார். எதிர்க் கடைக்காரர் பற்பசை கொடுத்தார். அம்மையார் வேண்டாம் என்று கையமர்த்தி, அவரிடம் வாளி நீரைக் கேட்டு வாங்கினார். அதுவே சரியான முதலுதவி. சூடுபட்ட இடத்தில் குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். பனிக்கட்டியும் பற்பசையும் கூடா. பிறகு மருத்துவரிடம் செல்ல வேண்டும். தம்பிக்கு இரண்டு வாரம் கட்டு. அப்பருவத்தின் முதல் ஆய்வுக்கூட வகுப்புகள் அவனுக்கு இல்லாமற் போயின. “பரவாயில்லை அண்ணா” என்று அவன் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூடிக்குள் நடப்பது என்ன?

கடல்மட்டக் காற்றழுத்தத்தில் நீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். அழுத்தத்தை ஏற்றினால் கொதிநிலையும் ஏறும். ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. வில்லுடன் கூடிய ஒரு வால்வு. சதுர செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.9 கிலோ அழுத்தம் வரையில் அது நீரை உள்ளே அடக்கி வைக்கும். அந்த அழுத்தத்தில் நீர் 118 டிகிரி அளவில்தான் கொதிக்கும். ஆகவே உள்ளே 110 டிகிரி வெப்பத்திலும் நீர் நீராகவே இருக்கும். மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் விழுந்துவிடுகின்றது. கொதிநிலை 100-க்கு இறங்கிவிடுகின்றது. எஞ்சிய 10 டிகிரி வெப்பம் நீரின் ஒரு பகுதியை அக்கணமே ஆவியாக்குகின்றது.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கிராம் நீர் ஒரு டிகிரி குளிர 4.2 ஜூல் வெளிப்படும். 4 லிட்டர் நீர் 10 டிகிரி குளிர்ந்தால் 1,68,000 ஜூல். ஒரு கிராம் நீரை ஆவியாக்க 2,257 ஜூல் வேண்டும். ஆகவே ஏறத்தாழ 75 கிராம் நீர் ஆவியாகும். அந்த ஆவி அடைத்துக்கொள்ளும் இடமோ 120 லிட்டருக்கு மேல்! சிறு வாய் வழியே அத்தனை ஆவி வெளிப்படும்போது கொதிநீரையும் வாரிக்கொண்டு வருகின்றது. அந்த ஆவி தோலில் பட்டு நீராகும்போது கிராமுக்கு 2,257 ஜூலைத் தோலுக்கே திருப்பிக் கொடுக்கின்றது. இக்கணக்கைத் தேர்வில் நான் பிழையின்றிப் போட்டிருப்பேன். படாவ் சந்தியில் அது என் நினைவுக்கு வரவில்லை.

ஆகையால் முதல் விதி இது: சூடேறிய எஞ்சினின் மூடியைத் திறவாதே. எஞ்சினை நிறுத்தி, குறைந்தது முக்கால் மணி நேரமாவது காத்திரு. மேல் ரப்பர்க் குழாயைத் தொட்டால் கை தாங்க வேண்டும். அழுத்தினால் மெத்தென்று இருக்க வேண்டும். அதற்குப் பின்னரே, தடித்த துணியைப் போர்த்தி, முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியை முதற் படி மட்டும் திருகி நிறுத்த வேண்டும். எஞ்சிய அழுத்தம் போன பிறகே முழுதும் எடுக்க வேண்டும். சூடான எஞ்சினில் தண்ணீரைக் கொட்டுவதும் தவறு. சட்டென்று குளிரும் உலோகம் வளையலாம், வெடிக்கலாம்.

வெப்பம் போகும் வழி

உருளைக்குள் பெட்ரோல் எரியும்போது வெப்பநிலை 2,000 டிகிரியைத் தாண்டுகின்றது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு போகின்றது. கால் பங்குக்குச் சற்று மேல் சக்கரத்தைச் சுழற்றுகின்றது. மற்றதில் பெரும்பகுதியை நீரே சுமந்து செல்ல வேண்டும்.

நீர் செல்லும் வழி எளியது. எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்ட பம்பு நீரைத் தள்ளுகின்றது. உருளைகளைச் சுற்றி ஓடி நீர் சூடேறுகின்றது. வாயிலில் தெர்மோஸ்டாட் என்னும் காவலன் நிற்கின்றான். அவனுள் இருக்கும் மெழுகு ஏறத்தாழ 82 டிகிரியில் உருகி விரிந்து கதவைத் திறக்கின்றது. நீர் குழாய் வழியே ரேடியேட்டரை அடைந்து, அதன் நுண்குழல்களில் இறங்கிக் குளிர்கின்றது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றும், நிற்கும்போது மின்விசிறியும் அந்தக் குழல்களின் வெப்பத்தைக் கொண்டு போகின்றன. நீர், பெல்ட்டு, பம்பு, தெர்மோஸ்டாட், குழாய், ரேடியேட்டர், விசிறி ஆகிய இவற்றுள் எது தவறினாலும் முள் சிவப்புக்கு ஏறும். முள் ஏறுவது நோயன்று, நோயின் அறிகுறியே.

மிஸ்திரியின் கேள்வி

மறுநாள் லங்கா பகுதியில் உள்ள ஒரு மிஸ்திரியிடம் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றோம். முதியவர். நான் தெர்மோஸ்டாட்டைப் பற்றியும் பம்பைப் பற்றியும் என் ஊகங்களை எல்லாம் இந்தியில் அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “கடே கடே, யா சல்தே சல்தே, பேட்டா?” நிற்கும்போது சுடுகின்றதா, ஓடும்போது சுடுகின்றதா என்பது அதன் பொருள்.

வள்ளுவரும் மருந்து பற்றிய அதிகாரத்தில் நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதன் பிறகே தீர்க்கும் வழியை நாடச் சொல்கின்றார். நானோ தீர்க்கும் வழியிலிருந்து தொடங்கியிருந்தேன். அந்த ஒரு கேள்வி எவ்வாறு வழியைப் பிரிக்கின்றது என்பதைப் பாருங்கள்.

1. நெரிசலில் நின்றால் சுடும். சாலையில் ஓடினால் முள் இறங்கும். ஓடும்போது காற்று தானே கிடைக்கின்றது. ஆகவே குறை விசிறியில். ஃபியூஸ், ரிலே, வெப்ப ஸ்விட்சு, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

2. நின்றால் சரியாக இருக்கும். வேகமாக ஓடினால், அல்லது பாரத்தோடு மேடு ஏறினால் சுடும். காற்று போதும், நீரோட்டம் போதவில்லை. அடைபட்ட ரேடியேட்டர், தளர்ந்த பெல்ட்டு, தேய்ந்த பம்பு, உட்புறம் ஒட்டிக்கொள்ளும் ரப்பர்க் குழாய், பாதியே திறக்கும் தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

3. புறப்பட்ட சில நிமிடங்களிலேயே சுடும். நீர் மிகக் குறைந்திருக்கலாம். உள்ளே காற்று அடைத்திருக்கலாம். தெர்மோஸ்டாட் மூடியபடியே நின்றிருக்கலாம்.

4. வெளியே கசிவு தெரியவில்லை. ஆனால் நீர் நாள்தோறும் குறைகின்றது. உபரித் தொட்டியில் ஓயாத குமிழிகள், எஞ்சின் சூடேறிய பிறகும் இனிமணமுள்ள வெண்புகை, மோர்போல் வெளுத்த எஞ்சின் ஆயில் ஆகியவை தென்பட்டால் ஹெட் காஸ்கெட்டு பழுதாகியிருக்கலாம். அவ்வண்டியை ஓட்டவே கூடாது.

எங்கள் வண்டி முதல் வகை. மிஸ்திரி பாட்டரியிலிருந்து ஒரு கம்பியை நேரே விசிறிக்குக் கொடுத்தார், விசிறி சுழன்றது. எனவே மோட்டார் நலம். ஃபியூசும் நலம். வெப்ப ஸ்விட்சின் இரு கம்பிகளை ஒன்றாகச் சேர்த்தார், அப்போதும் சுழன்றது. எனவே குற்றவாளி ஸ்விட்சுதான். கால் மணி நேரத்தில், ஒரு பகுதியையும் வீணாகக் கழற்றாமல், முடிவு கண்டார். ஆய்வுக்கூடத்தில் நாம் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிச் சோதிப்பது இம்முறைதான்.

இரண்டாவது குறை

புது ஸ்விட்சு மாட்டியாயிற்று. “நெடுஞ்சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து வா” என்றார் மிஸ்திரி. குறை கண்டுபிடித்த மகிழ்ச்சியில் நான் அதைச் செய்யவில்லை. இது என் இரண்டாவது தவறு.

அடுத்த ஞாயிறு சுனார்க் கோட்டைக்குச் சென்றபோது, நல்ல காற்றில், நல்ல வேகத்தில் முள் மீண்டும் ஏறியது. இம்முறை ஒருவரும் மூடியைத் தொடவில்லை. வேப்பமரத்து நிழலில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்து, ஆறிய பின் நீர் ஊற்றி, மெல்ல ஓட்டி வந்தோம்.

இது இரண்டாம் வகை. மிஸ்திரி விசிறியின் இணைப்பை முதலில் கழற்றினார். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் விசிறி சுழன்று விரலை வெட்டிவிடும். பிறகு ரேடியேட்டரின் முகத்தருகே கையைக் கொண்டுசென்று காட்டினார். ஓரங்களில் சூடு, நடுவில் ஓர் அகலமான பட்டை குளிர்ந்து கிடந்தது. அங்கே நீர் ஓடவில்லை. கழற்றிப் பார்த்தால் குழல்களில் வெள்ளைப் படிவு.

அது எங்கிருந்து வந்தது? நம்மிடமிருந்துதான். ஆண்டுக்கணக்காக ஆழ்குழாய் நீரையே ஊற்றி வந்தோம். கடின நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட்டு சூடேறும்போது சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படியும். நம் விடுதிக் கெட்டிலின் அடியில் காண்பதும் அதுவே. அப்படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன் அலுமினியத்தின் திறனில் நூறில் ஒரு பங்கு அளவே. அரை மில்லிமீட்டர் படிவு போதும், வெப்பத்துக்குச் சுவர் எழுப்ப.

இன்னொன்றும் வெளிப்பட்டது. முன்பு யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தார்கள். ‘நம் நாட்டு வெயிலுக்கு அது எதற்கு?’ என்பது பலரின் எண்ணம். அது தவறு. காசியின் தைக் குளிரில் எஞ்சின் சூடேறாமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் மிகும். மேலும் சில எஞ்சின்களில், காவலன் இல்லாவிட்டால் நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குச் செல்லாமல் குறுக்கு வழியே திரும்பிவிடும்.

ரேடியேட்டரைத் துப்புரவு செய்து, புதிய தெர்மோஸ்டாட் பொருத்தி, வாலைவடிநீரில் கலந்த கூலண்ட் நிரப்பினோம். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்துவைத்து, ஓடவிட்டு, குமிழிகள் நிற்கும் வரையில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். இல்லையேல் நீண்ட குழாய்களில் காற்று தங்கிவிடும். இம்முறை சாலையில் ஓட்டிப் பார்த்தும், நெரிசலில் நிறுத்திப் பார்த்தும், பிறகே வண்டியை மாமாவிடம் கொண்டுசென்றேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர், “வண்டி கிடக்கட்டும், பையன் கை எப்படி இருக்கு?” என்றார்.

கை ஆறிவிட்டது. தழும்பு இருக்கின்றது. தம்பியே இப்போது வண்டியின் குறிப்பேட்டைக் கவனித்து வருகின்றான். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும், எஞ்சின் ஆறியிருக்கையில், நீர்மட்டம், பெல்ட்டின் இறுக்கம், குழாய்களின் நிலை, வண்டி நின்ற தரையில் ஈரம் ஆகியவற்றைப் பார்த்து எழுதுகின்றான். முள் ஏறினால் ‘நின்றபோதா, ஓடியபோதா’ என்று எழுத அதில் ஒரு கட்டம் உண்டு.

மாமாவின் வண்டியை இனி ஓட்டப்போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகப்புப் பலகையில் தமிழிலும் இந்தியிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கின்றோம். ‘சுடும்போது மூடியைத் திறவாதே; காத்திரு’ என்பதே அதில் உள்ளது. அதைப் படிக்காமல் சாவியைத் திருக வேண்டாம்.