படகில் குடித்தனம்: மோட்டார் யாட்டில் குடும்பத்தோடு வாழ ஒரு முழுமையான வழிகாட்டி

வர்ஜீனியாவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு ஆறு வருடம் படகில் குடித்தனம் செய்தோம். முதலில் 36 அடி, பிறகு 42 அடி. இரண்டும் பழைய டீசல் மோட்டார் யாட்டுகள். குளிர்காலத்தில் ஃப்ளோரிடா, கோடையில் செசபீக் விரிகுடா என்று அமெரிக்காவின் கிழக்குக் கரையை மேலும் கீழுமாக அளந்தோம். இப்படிக் கிளம்ப நினைக்கும் குடும்பங்கள் அவ்வப்போது கூப்பிட்டு யோசனை கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். மூன்றாவது படியை மட்டும் யாரும் தாண்டிப் போய்விட வேண்டாம்.

படி 1: ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள்

நியூயார்க் மாநிலத்தில், 1825-இல் திறந்த ஈரி கால்வாயில் வாரக் கணக்கில் படகு வாடகைக்குக் கிடைக்கிறது. மெதுவாகப் போகும் படகு. உள்ளேயே சமையலறை, படுக்கை, கழிப்பறை எல்லாம் உண்டு. கிளம்பும் முன் அவர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். நாலு நாள் விடாமல் மழை பெய்தால் நல்லது என்றே சொல்வேன். ஈரத் துணி காயாமல், பிள்ளைகள் வெளியே போக முடியாமல், எல்லோரும் ஒரே அறையில் அடைந்து கிடக்கும்போதுதான் யாருக்கு இது ஒத்துவரும், யாருக்கு வராது என்று தெரியும். ஒருவருக்கு மனமில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படி 2: தட்டிப் பார்த்து வாங்குங்கள்

குடும்பத்துக்கு ஏற்றது டிராலர் என்று அழைக்கப்படும் வகை. தண்ணீரை விலக்கிக்கொண்டு நிதானமாகப் போகும். இதன் வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. நீரில் படியும் நீளம் எத்தனை அடியோ, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில் உச்ச வேகம் வரும். 36 அடி படிந்தால் சுமார் 8 நாட். அதற்கு மேல் விரட்டினால் படகு தானே எழுப்பிய அலையின் மேல் ஏறப் பார்க்கும், டீசல்தான் கரையும். எங்கள் முதல் படகின் 120 குதிரைத்திறன் இன்ஜின், 7 நாட்டில் மணிக்கு ஏறக்குறைய 8 லிட்டர் குடித்தது.

பழைய படகு வாங்குவதில் தவறில்லை. ஆனால் நீங்களே அமர்த்திய சர்வேயர் பார்க்காமல் முன்பணத்துக்கு மேல் ஒரு டாலரும் கொடுக்காதீர்கள். படகை நீரிலிருந்து தூக்கி வைத்து, ஒரு சின்னச் சுத்தியலால் அடிப்பகுதி முழுவதையும் தட்டிக்கொண்டே வருவார். சந்தையில் மண்பானையைத் தட்டி வாங்குவோமே, அதே சங்கதிதான். நல்ல ஃபைபர்கிளாஸ் கணீரென்று பேசும்; உள்ளே நீர் இறங்கிய இடம் சொத்தென்று சொல்லும். பக்கத்திலேயே நின்று காதால் கேளுங்கள். இன்ஜின் ஆயிலில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கும் அனுப்புங்கள்.

படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு வருடாவருடம் பராமரிப்புக்குப் போகும் என்பார்கள். எங்கள் அனுபவத்தில் அது குறைத்துச் சொன்ன கணக்கு.

படி 3: இரண்டு பேரும் கற்றுக்கொள்ளுங்கள்

இரண்டாம் வருடம், அக்டோபர் மாதம். வட கரோலினாவில் அலிகேட்டர் ஆற்றில் நங்கூரமிட்டிருந்தோம். காலையில் பேட்டரியைத் தூக்கக் குனிந்த என் கணவர் அப்படியே மடங்கிவிட்டார். இடுப்புப் பிடிப்பு. எழுந்து நிற்க முடியவில்லை. அதுவரை நேர்வழியில் சுக்கான் சக்கரத்தைப் பிடித்திருக்கிறேனே தவிர, ஒருமுறைகூட நான் படகைத் துறையில் அணைத்ததில்லை. அது எப்போதும் அவர் வேலையாகவே இருந்தது.

எதிரே அல்பெமார்ல் நீர்ப்பரப்பு. ஆழம் குறைவானதால் கொஞ்சம் காற்றுக்கே குட்டையாகவும் செங்குத்தாகவும் அலை எழும். அதைக் கடந்து எலிசபெத் சிட்டிக்குப் போக வேண்டும். ஒன்பது வயது மகள் என் பக்கத்தில் நின்று ஆழமானியின் எண்ணை உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். மகன் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். துறையை நெருங்கியபோது, முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் ஓடி வந்து கயிற்றை வாங்கினார். அன்று மாலை வரை என் கைநடுக்கம் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் படகில் ஒரு நாள் அவர் ஓட்டினால் மறுநாள் நான். துறை அணைப்பதும் அப்படியே.

பழகுவது இப்படி. காற்றில்லாத காலையில், மோதல் தாங்கப் படகின் பக்கவாட்டில் தொங்கவிடும் ஃபெண்டர் ஒன்றைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அதன் பக்கத்தில் படகைக் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். மோதினாலும் சேதமில்லை. ஒற்றை இன்ஜின் படகு ரிவர்ஸில் நேராகப் பின்னால் வராது. பெரும்பாலும் பின்பகுதி இடப்பக்கம் இழுக்கும். அதை எதிர்த்துப் போராடாமல், இடப்பக்கம் துறை இருக்கும்படி அணைத்தால் அந்த இழுப்பே உதவியாகிவிடும். எந்த வேகத்தில் மோதினால் பரவாயில்லையோ, அந்த வேகத்தில் மட்டும் நெருங்குங்கள்.

காலையில் இன்ஜின் அறைக்குள் இறங்குவதையும் இருவரும் பழக வேண்டும். ஆயில், கூலண்ட், பெல்ட், அடித்தளத்தில் தேங்கிய நீர், கடல்நீர் வடிகட்டியில் சிக்கிய பாசி. ஐந்து நிமிட வேலை. ரேடியோவில் 16-ஆம் சேனலில் அழைத்து, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்று சொல்ல எங்கள் மகள் பத்து வயதிலேயே பழகிவிட்டாள்.

படி 4: மூன்று தொட்டிகளின் கணக்கு

நல்ல தண்ணீர், கழிவு, டீசல். இவை மூன்றும்தான் உங்கள் நாட்காட்டி. எங்கள் தண்ணீர்த் தொட்டி 500 லிட்டர் பிடிக்கும். நாலு பேருக்கு ஒரு வாரம் வந்தது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த சென்னைக் காலம் எனக்கு இங்கே கைகொடுத்தது. அரிசி களைந்த தண்ணீர் பாத்திரத்தை முதலில் அலசும். கழிவுத் தொட்டிதான் முதலில் நிரம்பும். கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் கழிவைச் சுத்திகரிக்காமல் வெளியே விடச் சட்டம் அனுமதிப்பதில்லை. படகுத்துறைகளில் குழாய் போட்டு உறிஞ்சி எடுக்கும் வசதி உண்டு. அது எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

சாதாரண ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்; ஆயுள் சட்டென்று குறையும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு படுக்கை அறையிலும் இருக்க வேண்டும். அந்த வாயுவுக்கு வாசனை இல்லை. பிள்ளைகள் தூங்கும் இடத்தில் வைத்த பிறகுதான் மற்ற சாமான்களுக்குப் பணம் செலவிட்டேன்.

படி 5: அடுப்பும் மாவும்

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடித்தளத்தில் போய்த் தேங்கி, ஒரு பொறிக்குக் காத்திருக்கும். சிலிண்டர் மேல்தளத்தில், வாயு வெளியே வடியும் துளையுள்ள பெட்டியில்தான் இருக்க வேண்டும். சமைத்து முடித்ததும் சிலிண்டரிலேயே மூடிவிடுங்கள்.

பிரஷர் குக்கர் படகுக்கென்றே செய்தது போல. அலையில் சாய்ந்தாலும் மூடி திறக்காது. குளிரில் இட்லி மாவு பொங்காமல் இரண்டு மாதம் தவித்தேன். ஒரு நாள் பாத்திரத்தைத் துண்டில் சுற்றி, இன்ஜினை அணைத்த பிறகு அந்த அறையின் மரப்பலகை மேல் வைத்தேன். இன்ஜின் சூடு ஆற வெகுநேரம் பிடிக்கும் அல்லவா? விடிந்து பார்த்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு நின்றது. ஐஸ் மூடிய நவம்பர் காலையில், நங்கூரமிட்ட இடத்தில், நாலு பேரும் ஆவி பறக்க இட்லி சாப்பிட்டோம்.

படி 6: நங்கூரம்

தூங்க வேண்டுமானால் இதைச் சரியாகச் செய்யுங்கள். ஜார்ஜியா கரையில் கடல் ஏற்றம் 7 அடிக்கு மேல் வரும். வற்றிய நேரத்தில் ஆழம் 8 அடி, ஏற்றம் 7 அடி, நம் மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்பகுதியின் உயரம் 4 அடி. ஆக 19. சங்கிலியாக இருந்தால் அதைப்போல் ஐந்து மடங்கு, 95 அடி விட வேண்டும். காற்று வலுக்கும் என்றால் ஏழு மடங்கு, 133 அடி. வற்றியிருக்கும்போது பார்த்த 8 அடியை நம்பிக் கணக்குப் போட்டால் நள்ளிரவில் படகு நகரும்.

விட்டதும் ரிவர்ஸில் மெல்ல இழுத்து, சங்கிலியின் மேல் உள்ளங்கையை வையுங்கள். அதிர்ந்து அதிர்ந்து வந்தால் நங்கூரம் தரையைச் சுரண்டிக்கொண்டு வருகிறது. விறைத்து அசையாமல் நின்றால் பிடித்துவிட்டது.

படி 7: பிள்ளைகள்

13 வயதுக்குட்பட்டவர்கள், ஓடும் படகின் திறந்த தளத்தில் உயிர்காப்பு அங்கி அணிவது பொதுவாகச் சட்டம். எங்கள் குடும்பத்தில், படகு நின்றிருந்தாலும் அப்படித்தான். வீட்டுவழிக் கல்வி விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நிரந்தர முகவரி எந்த மாநிலம் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதன் விதிப்படி பதிவு செய்யுங்கள். பகல் பதினொன்று வரை பாடம், பிறகு படகு என்று வைத்துக்கொண்டோம். நண்பர்கள் இல்லாத ஏக்கம் மகளுக்கு இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. பிள்ளைகளோடு வரும் இன்னொரு படகைக் கண்டால், எங்கள் திட்டத்தை மாற்றிக்கொண்டு அவர்களோடு போவோம்.

படி 8: முதல் பயணம்

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த மாதங்களில் படகு எங்கே இருக்கலாம் என்று காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் நிபந்தனை போடும். பாலிசியைப் படித்துவிட்டுப் பாதையை வரையுங்கள். மிசிசிப்பி நதியமைப்பு, பேரேரிகள் எல்லாம் சேர்த்துச் சுமார் 6,000 மைல் சுற்றி வரும் ‘கிரேட் லூப்’ பெரிய ஆசை. அதற்குப் படகின் உயரமும் ஒத்துழைக்க வேண்டும். சிகாகோ அருகே தவிர்க்க முடியாத ஒரு பாலம் நீர்மட்டத்திலிருந்து சுமார் 19 அடி 6 அங்குலம்தான்.

முதல் இலையுதிர்காலத்துக்கு உள்நாட்டு நீர்வழி போதும். அதன் மைல் பூஜ்ஜியம் நார்ஃபோக்கில். அங்கிருந்து தெற்கே இறங்கும் வழியில் தண்ணீர், மரப்பட்டைச் சாறு கலந்து பால் விடாத டீ நிறத்தில் இருக்கும். சில நாளில் வெள்ளைப் படகின் முகப்பில் பழுப்பு மீசை வரைந்துவிடும். பாலம் திறக்கச் சொல்ல வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் சேனல் 13. தெற்கே போனால் 9.

போகும் வழியில் கிரேட் பிரிட்ஜ் லாக் (படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, நீர்மட்டத்தை மாற்றும் அடைப்பு) வரும். மட்டம் சில அடிதான் மாறும், பழகுவதற்கு ஏற்ற இடம். கயிற்றைக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்திருங்கள், முடிச்சுப் போடாதீர்கள். நீர் இறங்கும்போது கட்டிய படகு தொங்கிவிடும். முன்கயிறு மகளிடம், பின்கயிறு கணவரிடம், சக்கரம் என்னிடம். கதவு மூடி நீர் இறங்கத் தொடங்கியதும் மகள் கயிற்றைச் சாண் சாணாக நழுவ விடுவாள், கண்ணைச் சுவரிலிருந்து எடுக்காமல்.