117 தோல்விகள் யாருடையவை?

அன்புள்ள இளங்கோ,

அமெரிக்க பேஸ்பாலின் பழைய புள்ளிப்பட்டியல்களில் 1916ஆம் ஆண்டு அமெரிக்கன் லீக் பக்கத்தை எடுத்துப் பார். எட்டு அணிகளில் கடைசியாக பிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் நிற்கும்: 36 வெற்றி, 117 தோல்வி. பார்த்த மாத்திரத்தில் 'ஆடத் தெரியாத கூட்டம்' என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொன்னால் பழியைத் தவறான தலையில் ஏற்றுகிறோம் என்பது என் கட்சி. அந்த அணியின் தோல்வி, சீசன் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே அதன் அலுவலக மேசையில் முடிவாகிவிட்டது.

முதல் சாட்சி அந்தப் பட்டியலேதான். முதலிடம் பிடித்த பாஸ்டன் 91 ஆட்டங்களில் வென்றது. ஏழாம் இடத்து வாஷிங்டன் 76. முதலுக்கும் ஏழுக்கும் 15 வெற்றிதான் இடைவெளி. ஏழுக்கும் எட்டுக்கும் 40! (பிலடெல்ஃபியாவை அடித்துச் சேர்த்த வெற்றிகளும் மற்றவர்களின் கணக்கில் உண்டு என்பதை மறக்காதே.) இதே அணி 1910, 1911, 1913 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை வென்றது, 1914இல் 99 வெற்றிகளுடன் லீக்கில் முதலிடம் பெற்றது. அந்த ஆண்டு உலகத் தொடரில் பாஸ்டன் பிரேவ்ஸிடம் நான்கு ஆட்டங்களையும் பறிகொடுத்தது உண்மைதான். ஆனால் நான்கு ஆட்டத் தோல்வி ஓர் அணியைப் பாதாளத்தில் தள்ளிவிடாது. தள்ளியது அதன் பிறகு நடந்த விற்பனை. அணியின் மேலாளரும் பங்குதாரருமான கோனி மேக், எடி காலின்ஸை 50,000 டாலருக்கு சிகாகோ வொயிட் சாக்ஸுக்கு விற்றார். மூத்த பந்துவீச்சாளர்களான பெண்டரையும் பிளாங்கையும் போகவிட்டார். அவர்கள் புதிதாக முளைத்த ஃபெடரல் லீக்குக்குப் போனார்கள். 1915இல் ஜாக் பாரி அமெரிக்கன் லீக்கின் பாஸ்டன் அணிக்கும் பாப் ஷாக்கி நியூயார்க் யாங்கீஸுக்கும் போனார்கள். சம்பளத் தகராறில் 1915 முழுதும் அணிக்காக ஆடாமலிருந்த ஃபிராங்க் பேக்கரும் மறு ஆண்டு யாங்கீஸிடம் கைமாறினார். இவர்கள் தேய்ந்துபோனவர்களா என்ன? 1916இல் பந்துவீச்சாளரான ஷாக்கி ஒருவரே யாங்கீஸுக்காக 24 ஆட்டங்களை வென்றார். அவரை விற்ற அணி மொத்தமாக வென்றது 36. பாரி சாம்பியனான பாஸ்டனில் ஆடினார். காலின்ஸின் சிகாகோ இரண்டாம் இடம் பிடித்தது.

மிஞ்சியவர்களைப் பார். ஜாக் நேபர்ஸ் என்ற பந்துவீச்சாளரின் கணக்கு 1 வெற்றி, 20 தோல்வி. அதில் 19 தொடர்ச்சியாக வந்தவை. ஆனால் கள வீரர்களின் பிழையால் வந்த ஓட்டங்களைக் கழித்துவிட்டால், ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்தது 3.47 ஓட்டம். சிறப்பானது இல்லை, கேவலமும் இல்லை. அவருடைய அணியோ ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று ஓட்டம்கூட எடுக்கவில்லை. அவருக்குப் பின்னால் ஷார்ட்ஸ்டாப் என்ற கள இடத்தில் நின்ற வைட்டி விட், அனுபவமில்லாத இளைஞர். ஒரே சீசனில் 78 பிழைகள் செய்தார். ஓட்டையான வலையைக் கையில் கொடுத்துவிட்டு மீன் எங்கே என்று கேட்பது போன்றதுதான் நேபர்ஸைக் குறை சொல்வது. திறமை அடியோடு இல்லாத அணியும் அல்ல அது: ஜோ புஷ் ஆகஸ்ட் 26 அன்று கிளீவ்லாண்டுக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். அதே புஷ்ஷுக்கு அந்த ஆண்டு 24 தோல்வி. வேறு அணிக்குப் போய்விடலாமே என்றால், ஒப்பந்தம் முடிந்தாலும் வீரனைத் தன் அணியோடு கட்டிவைக்கும் விதி அன்று இருந்தது. விற்கும் உரிமை முதலாளிக்கு, விலகும் உரிமை யாருக்கும் இல்லை.

மேக்குக்காக வாதாடுபவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஃபெடரல் லீக் அதிகச் சம்பளம் காட்டி வீரர்களை இழுத்தது. அதைவிட வலுவான வாதம், அணி வென்றுகொண்டிருந்த 1914லேயே பார்வையாளர் எண்ணிக்கை சுமார் 5.7 லட்சத்திலிருந்து 3.5 லட்சத்துக்கும் கீழே சரிந்தது என்பது. வெற்றி பெற்றும் வருமானம் குறைந்தால் எந்த முதலாளியும் கவலைப்படத்தான் செய்வார்; அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபெடரல் லீக் எல்லா அணிகளையும்தான் தாக்கியது. வாஷிங்டனின் வால்டர் ஜான்சன் அந்த லீக்கோடு ஒப்பந்தமே போட்டுவிட்டார். அப்படியும் அவரை அந்த அணி திரும்ப அழைத்துக்கொண்டது. 1915 டிசம்பரில் ஃபெடரல் லீக் மூடப்பட்டுவிட்டது. பேக்கர் விற்கப்பட்டது அதற்குப் பிறகு. விற்பனையால் வருமானமாவது காப்பாற்றப்பட்டதா? 1915இல் பார்க்க வந்தவர்கள் ஒன்றரை லட்சம்கூட இல்லை. இளைஞர்களை வளர்க்கத்தான் மேக் இடம் ஒதுக்கினார் என்றும் சொல்வார்கள். முந்தைய வெற்றி அணியைக் கல்லூரி மாணவர்களைக் கொண்டே கட்டியவர் அவர் என்பதால் இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கப் போதிய மூத்தவர்கள் இல்லாத இடத்தில் இளைஞன் யாரிடம் கற்பான்? 1915 தொடங்கி 1921 வரை ஏழு ஆண்டுகளும் அந்த அணி கடைசி இடத்தில்தான் இருந்தது.

நேபர்ஸின் மொத்தக் கணக்கு 1 வெற்றி, 25 தோல்வியோடு 1917இல் முடிந்துபோனது. மேக் 1937இல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குத் தேர்வானார். 1950 வரை அதே அணியின் மேலாளராக இருந்தார்.

அன்புடன்,
மாமா