தளர்ந்த கை கற்றுத்தரும் பணிவு

கேள்வி: சட்டைப் பொத்தான் போடக்கூட மகனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. முதுமை பணிவைக் கற்றுத்தரும் என்பது வெறும் ஆறுதல் பேச்சுதானே?

பதில்: இல்லை ஐயா. பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸுக்கு 1941-இல், 71 வயதில், வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு பெரும்பாலும் படுக்கையும் சக்கர நாற்காலியும்தான். உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டினார். வெட்டிய வடிவங்களை அவர் சொன்ன இடத்தில் அவர்கள் சுவரில் ஊசியால் குத்தினார்கள். பிறர் கையை நம்பியதால்தான் 1954-இல் இறக்கும்வரை அவரால் புதிய கலையைப் படைக்க முடிந்தது. இளமையிலும் நாம் தனித்து வாழ்வதில்லை. நம் தட்டுச் சோற்றுக்குப் பின்னால் எத்தனையோ கைகள். அந்த உண்மையை மறைக்க முதுமை இடம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

வலி பலரைச் சிடுசிடுப்பாக்குகிறதே என்பீர்கள். உண்மைதான்; முதுமை தானாக எவரையும் பணிவுள்ளவராக்கிவிடாது, இயலாமையை ஒப்புக்கொள்ளும் மனமும் வேண்டும். மானம் போகிறதே என்றால், பணிவு வேறு, அடிமைத்தனம் வேறு. எந்த வடிவம் எங்கே என்ற முடிவை மத்தீஸ் கடைசிவரை தன்னிடமே வைத்திருந்தார். நீங்களும் கூச்சப்படாமல் உதவி கேளுங்கள். வேண்டியதை நீங்களே தீர்மானியுங்கள். செய்தவரிடம் மனமார நன்றி சொல்லுங்கள்.