பட்டுப் புடவையைப் படமெடுக்க எந்த மிரர்லெஸ் கேமரா? இரண்டு மாடல்கள் ஓர் ஒப்பீடு

கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் அடுத்து வாங்க நினைப்பது ஒரு நல்ல கேமரா. திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள எங்கள் ஆரணியில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. தறி வைத்திருப்பவர்களும் சிறு பட்டு வியாபாரிகளும் புடவைகளைப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் சரிசெய்து, இன்டர்நெட் வழியே விற்கத் தொடங்கிவிட்டனர். நான் மென்பொருள் எழுதுபவன். ஊருக்கு வரும்போதெல்லாம் உறவினர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி, "தம்பி, எந்தக் கேமரா வாங்கலாம்?" என்பதுதான்.

இந்தக் கேள்வியில் பணம் அடங்கியிருக்கிறது. படத்தில் அரக்கு நிறமாகத் தெரிந்த புடவை, பார்சலைப் பிரிக்கும்போது சிவப்பாக இருந்தால் அது திரும்பி வரும். அனுப்பிய செலவும் திரும்பிய செலவும் விற்றவர் தலையில்தான் விழும். எனவே, புடவையை உள்ளபடி காட்டுவதே நமக்குத் தேவை. இந்தக் கோணத்தில் இரண்டு உயர்நிலை மிரர்லெஸ் கேமராக்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

மிரர்லெஸ் என்றால் என்ன?

பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்களில் லென்ஸ் வழியே வரும் ஒளியை ஒரு கண்ணாடி மேல்நோக்கித் திருப்பி, நம் கண்ணுக்குக் காட்டும். மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடி இல்லை. ஒளி நேராக சென்சாரில் விழும். சென்சார் பார்ப்பதை ஸ்கிரீனில் நாம் பார்க்கிறோம். இந்த அமைப்பில் லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவாக பானாசோனிக் ஜி1 2008-ம் ஆண்டில் வந்தது. படம் எடுக்கும் முன்பே வெளிச்சமும் நிறமும் எப்படி இருக்கும் என ஸ்கிரீனில் தெரிவது நமக்கு லாபம்.

நாம் ஒப்பிடப் போகும் இரண்டு

ஒன்று, 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புஜிபிலிம் எக்ஸ்-டி5. இன்னொன்று, 2023 ஜூலையில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ6700. இரண்டிலும் ஏ.பி.எஸ்.-சி எனப்படும், சுமார் 23.5 மி.மீ. அகலமுள்ள சென்சார் உள்ளது. லென்ஸையும் சேர்த்தால் இரண்டுமே ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். இவற்றுக்குப் பின் வந்த மாடல்களை நீங்கள் பார்த்தாலும், ஒப்பிடும் முறை இதுதான்.

மெகா பிக்ஸெல் கணக்கு

எக்ஸ்-டி5 கேமராவில் 40 மெகா பிக்ஸெல். ஏ6700 கேமராவில் 26 மெகா பிக்ஸெல். பார்த்தவுடன் முதலாவது ஒன்றரை மடங்கு சிறந்தது எனத் தோன்றும். ஆனால் மெகா பிக்ஸெல் என்பது நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வருவது. எக்ஸ்-டி5 தரும் படம் 7728 x 5152 பிக்ஸெல்கள். ஏ6700 தருவது 6192 x 4128. அதாவது, ஒரு பக்கத்தில் உள்ள வேறுபாடு ஒன்றேகால் மடங்குதான்.

இதைப் புடவையில் வைத்துப் பார்ப்போம். பொம்மைக்குக் கட்டிய புடவையை நெட்டாக எடுக்கிறீர்கள்; படத்தின் உயரத்தில் 1.8 மீட்டர் அடங்குகிறது எனக் கொள்வோம். எக்ஸ்-டி5 படத்தில் ஒரு மி.மீ. துணிக்குச் சுமார் 4.3 பிக்ஸெல்கள் கிடைக்கும். ஏ6700 படத்தில் 3.4. பட்டு நெசவில் ஒரு மி.மீ. இடத்திற்குள் பல இழைகள் இருக்கும். எனவே முழுப் புடவைப் படத்தில் இரண்டு கேமராவும் இழையைத் தனித்தனியாகக் காட்டாது.

இழையும் சரிகையும் தெரிய வேண்டுமானால் மேக்ரோ லென்ஸ் வேண்டும். 1:1 மேக்ரோ லென்ஸ், சென்சார் அளவே உள்ள துணியைப் படம் முழுவதும் நிரப்பும். அப்போது ஒரு மி.மீ. துணிக்கு எக்ஸ்-டி5-ல் சுமார் 330 பிக்ஸெல்கள், ஏ6700-ல் சுமார் 265 பிக்ஸெல்கள். இரண்டிலுமே இழையின் முறுக்கு வரை தெரியும். ஆக, கேமராவை மாற்றுவதால் கிடைப்பது ஒன்றேகால் மடங்கு. லென்ஸை மாற்றுவதால் கிடைப்பது பல பத்து மடங்கு. புஜிபிலிமில் 80 மி.மீ., 30 மி.மீ. மேக்ரோ லென்ஸ்களும், சோனியில் 90, 50, 30 மி.மீ. மேக்ரோ லென்ஸ்களும் உள்ளன. கேமரா விலையோடு இந்த லென்ஸ் விலையையும் கூட்டிய பிறகே இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

புடவையில் இல்லாத கோடுகள்

பாவும் ஊடையும் நெருக்கமான கட்டங்கள். சென்சாரின் பிக்ஸெல்களும் நெருக்கமான கட்டங்கள். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று படியும்போது, புடவையில் இல்லாத வளைகோடுகளும் வானவில் நிறங்களும் படத்தில் தோன்றும். இதனை மாய்ரே என்பார்கள். கொசுவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் இதையே காணலாம்.

ஏ6700 உள்ளிட்ட பெரும்பாலான கேமராக்களில், கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு உள்ளது. அதில் 2 x 2 கட்டத்தில் நிறங்கள் திரும்பத் திரும்ப வரும். எக்ஸ்-டி5-ல் உள்ள எக்ஸ்-டிரான்ஸ் சென்சாரில் இது 6 x 6 கட்டம். வரிசை சற்றுக் கலைந்திருப்பதால் பொய் நிறங்கள் குறையும். முற்றிலும் வராது என்று சொல்ல முடியாது. எந்தக் கேமராவானாலும் கோடுகள் தெரிந்தால் ஓர் அடி முன்னே அல்லது பின்னே நகர்ந்து எடுங்கள். அல்லது கேமராவைச் சற்றுச் சாய்த்து எடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

மயில் கழுத்து நிறமும் வீடியோவும்

பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் எனில் புடவை அசையும்போது நிறம் மாறித் தெரியும். மயில் கழுத்து நிறம் இப்படிப்பட்டதுதான். ஒரு போட்டோவில் இதன் ஒரு நிலையைத்தான் காட்ட முடியும். முந்தானையை அசைத்துக் காட்டும் பத்து விநாடி வீடியோவில் எல்லா நிலைகளையும் காட்டலாம்.

இங்கு ஏ6700-க்குச் சாதகங்கள் அதிகம். சென்சாரின் முழு அகலத்தையும் பயன்படுத்தி விநாடிக்கு 60 பிரேம் வரை 4கே வீடியோ தரும். ஸ்கிரீனைப் பக்கவாட்டில் திறந்து முன்பக்கம் திருப்பலாம். உதவிக்கு ஆள் இன்றித் தனியாகப் புடவையை விரித்துக் காட்டுபவர், தான் படத்தில் சரியாக இருக்கிறாரா என நின்ற இடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். எக்ஸ்-டி5-ல் 6.2கே வரை வீடியோ உண்டு. ஆனால் அதன் ஸ்கிரீன் சாயுமே தவிர முன்பக்கம் திரும்பாது. ஹெட்போனை நேரடியாக மாட்டும் வசதி ஏ6700-ல் உண்டு. எக்ஸ்-டி5-க்கு அடாப்டர் வேண்டும்.

எக்ஸ்-டி5-ல் இரண்டு மெமரி கார்டுகள் போடலாம், ஏ6700-ல் ஒன்றுதான். கல்யாண வீட்டில் கார்ட் கெட்டால் தாலி கட்டும் காட்சி போனது போனதுதான். புடவையை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். நமக்கு இது பெரிய குறை அல்ல.

உங்கள் கம்ப்யூட்டர் தாங்குமா?

நிறத்தைப் பின்னர் திருத்த ரா பைலாக எடுப்பது நல்லது. எக்ஸ்-டி5-ல் சுருக்காத ரா பைல் ஒன்று சுமார் 80 எம்பி. ஏ6700-ல் கம்ப்ரெஸ்டு ரா பைல் சுமார் 26 எம்பி. பத்துப் புடவைகள், ஒவ்வொன்றுக்கும் 20 படங்கள் எனில், முதலாவதில் 16 ஜிபி. இரண்டாவதில் சுமார் 5 ஜிபி. எக்ஸ்-டி5-ல் தரம் குறையாமல் சுருக்கும் வசதி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் ஏறத்தாழப் பாதி இடம் மிச்சமாகும்.

கம்ப்யூட்டர் வேகம் குறைந்ததாக இருந்தால் புஜிபிலிமின் எக்ஸ் ரா ஸ்டூடியோ உதவும். கேமராவை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்தால், ரா பைலை மாற்றும் வேலையைக் கேமராவின் பிராசசரே செய்யும். சோனிக்கு இமேஜிங் எட்ஜ் டெஸ்க்டாப் இலவசமாகக் கிடைக்கிறது. இதில் வேலை முழுவதும் உங்கள் கம்ப்யூட்டருடையது.

வாங்கும் முன் ஒரு சோதனை

விளம்பரத்தில் உள்ள மாதிரிப் படங்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். கீழே உள்ளபடி நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

1. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து என மூன்று புடவைகளையும் உங்கள் மெமரி கார்டையும் எடுத்துக்கொண்டு, சென்னையிலோ வேலூரிலோ உள்ள கேமரா கடைக்குச் செல்லுங்கள். ஒரு நாள் வாடகைக்குக் கேமரா கிடைத்தால் இன்னும் நல்லது.

2. ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், எஃப்-8 அளவில், டிரைபாடில் வைத்து இரண்டிலும் எடுங்கள். ஐ.எஸ்.ஓ. அளவை ஏ6700-ல் 100 எனவும், எக்ஸ்-டி5-ல் 125 எனவும் வையுங்கள்.

3. முதல் படத்தில் ஒரு கிரே கார்டை வைத்து, இரண்டிலும் ஒயிட் பேலன்ஸை அதைக் கொண்டே அமையுங்கள். ஆட்டோவில் விட வேண்டாம். எக்ஸ்-டி5-ல் பிலிம் சிமுலேஷன் "ஸ்டாண்டர்ட்" என இருக்கட்டும். "வெல்வியா" நிறத்தைத் தூக்கிக் காட்டும்.

4. வீட்டுக் கம்ப்யூட்டரில் பைல்களைக் காப்பி செய்து, பாஸ்ட்ஸ்டோன் இமேஜ் வியூவர் போன்ற இலவச புரோகிராமில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறக்கவும். எக்ஸ்-டி5 படத்தை 6192 பிக்ஸெல் அகலத்திற்குக் குறைத்த பிறகே 100% அளவில் ஒப்பிடவும்.

5. புடவையை மானிட்டர் அருகில், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பாருங்கள். அடர் சிவப்பில் நெசவு தெரியாமல் ஒரே பூச்சாக இருந்தால், வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து மீண்டும் எடுக்க வேண்டும்.

எதை வாங்கலாம்?

அச்சு கேட்லாக், பெரிய பேனர் என்று போட்டோவையே நம்பியிருக்கும் கடைக்காரர் எக்ஸ்-டி5 வாங்கலாம். 300 டி.பி.ஐ. அளவில் சுமார் 25 அங்குலம் வரை அச்சிடலாம். ஏ6700-ல் சுமார் 20 அங்குலம். வீட்டிலிருந்தே தனியாகப் போட்டோவும் வீடியோவும் எடுத்து விற்பவருக்கு ஏ6700-ம் ஒரு மேக்ரோ லென்ஸும் ஏற்றவை. மாதம் நாலைந்து புடவைகளை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்புபவருக்கு இரண்டுமே வேண்டாம். இருக்கும் மொபைல் போன், ஜன்னல் வெளிச்சம், ஒரு கிரே கார்ட் போதும். மிச்சமாகும் பணத்தில் பட்டு நூல் வாங்கித் தறியில் அடுத்த பாவை ஏற்றலாம்.