அறிவும் ஆற்றலும்

நம் நாட்டுப் பள்ளிக் கலைத்திட்டத்தைச் சீர்திருத்த வேண்டும் என்னும் குரல் நெடுநாளாக ஒலித்து வருகின்றது. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1989-இல் மாநிலங்களவையில் பேசியபோது, புத்தக மூட்டை சுமக்கும் சிறுவர்களுக்காக வாதாடினார். 1992-இல் அமைந்த பேராசிரியர் யஷ்பால் குழு, மறு ஆண்டு தந்த அறிக்கையில், அம்மூட்டையினும் பெரிய சுமை ஒன்றைச் சுட்டியது. கற்பது விளங்காமையே அச்சுமை.

அவர் தலைமையில் உருவான 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, மனப்பாடத்தை விலக்கிப் பள்ளி அறிவை வாழ்வோடு இணைக்கச் சொல்லிற்று. திரு. கஸ்தூரிரங்கன் தலைமையில் 2023-இல் வெளிவந்த வடிவமைப்போ அறிவு, ஆற்றல், விழுமியம், மனப்பாங்கு ஆகியவற்றை வளர்ப்பதே கல்வி என்கின்றது.

“ஆற்றல் இருந்தால் போதும்; செய்திகள் கைப்பேசியிலேயே கிடைக்குமே” என்பார் உளர். நான் இதற்கு உடன்படேன். மும்பையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கின்றது. புணேயில் அதில் பாதியும் இல்லை. ஏன்? கடற்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழும், எழுந்தால் குளிரும், குளிர்ந்தால் மழையாகும், மலை தாண்டி இறங்கும் காற்றில் ஈரம் குன்றும். இதனை அறியாதவன் எவ்வளவு சிந்தித்தாலும் விடை காணான். இதனை வரி பிசகாமல் ஒப்பிப்பவனோ, “சிரபுஞ்சியில் பெருமழை பெய்ய, அம்மலைக்கு வடக்கேயுள்ள கௌகாத்தியில் மழை மிகக் குறைவது ஏன்?” என்றால் திகைக்கக்கூடும். முன்னவனிடம் திரி உண்டு, எண்ணெய் இல்லை. பின்னவனிடம் எண்ணெய் உண்டு, திரி இல்லை. இருவர் விளக்கும் எரியாது.

பிறநாட்டு அனுபவமும் இதற்குச் சான்று. ஸ்காட்லாந்து, ஆற்றல்களை முன்னிறுத்தும் புதிய கலைத்திட்டத்தை 2010-இல் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தியது. 2021-இல் அதனை ஆராய்ந்த பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம், அதில் அறிவுக்குரிய இடம் தெளிவுபட வேண்டும் என்றது. மேல்வகுப்புத் தேர்வுகள் கலைத்திட்டத்தோடு இசையவில்லை என்றும் கூறிற்று.

இரண்டாவது குறையையே நாம் மிகவும் அஞ்ச வேண்டும் என்பது என் கருத்து. பொதுத்தேர்வு எதைக் கேட்கின்றதோ அதையே வகுப்பறை கற்பிக்கும். கொள்கை ஏட்டில் உள்ளதை அன்று. ஆகவே கலைத்திட்டம் எத்தனை முறை மாறினும், வினாத்தாள் மாறாதவரை மாணவனுக்கு விடுதலை இல்லை.

நாளை ஆசிரியராகவும் தேர்வாளராகவும் அமரவிருக்கும் நண்பர்கள் நம்மிடையே பலர். ஒப்பித்தால் போதும் என்னும் வினா ஒன்றை நீக்கி, கற்ற அறிவைப் புதிய இடத்தில் பொருத்திப் பார்க்கச் செய்யும் வினா ஒன்றை அவர்கள் வைக்கட்டும். சீர்திருத்தம் அங்கே தொடங்கும்.