பழைய மோட்டார் சைக்கிளில் என்ஜின் சத்தம்: வீட்டிலேயே கண்டறிந்து சீர்செய்யும் முறை

தாமிரபரணிப் பாசனத்தில் வாழையும் நெல்லும் விளையும் ஆழ்வார்திருநகரி வட்டாரத்தில், ஒரு காலத்தில் மாட்டு வண்டி சுமந்த பாரத்தில் பெரும் பங்கை இன்று மோட்டார் சைக்கிள் சுமக்கிறது. இலைக்கட்டு, பால் கேன், உர மூட்டை, புல்கட்டு, ஆத்தூர்ப் பக்கமாயின் வெற்றிலைக் கூடை என எல்லாம் அதன் முதுகில்தான் போகின்றன. ஆகவே இதையும் பம்பு செட்டைப்போல ஒரு பண்ணைக் கருவியாகவே கருதிப் பராமரிக்க வேண்டும். சிறு விவசாயிகளிடம் உள்ளவை பெரும்பாலும் கார்புரேட்டர் பொருத்திய பழைய 100 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள். 1985-இல் வந்த சிடி 100, 1994-இல் வந்த ஸ்ப்ளெண்டர் ஆகியவற்றின் வழிவந்த இவ்வகை என்ஜின்கள் எளிய அமைப்பு கொண்டவை. சத்தம் கேட்டவுடன் கவனித்தால் பல பழுதுகள் ஒரு லிட்டர் ஆயிலோடு தீர்ந்துவிடும். கவனியாமல் ஓட்டினால் கிராங்க்கைப் பிரிக்கும் வேலையில் முடியும். அதற்குப் பல ஆயிரம் ரூபாய் செலவாவதோடு, அறுவடை நேரத்தில் வண்டி ஒரு வாரம் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும்.

சத்தம் என்ஜினில்தானா?

என்ஜின் சத்தம் என்று வரும் வண்டிகள் பலவற்றில் குற்றம் வெளியில்தான் இருக்கும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, செயின் கவர், மட்கார்டு, நம்பர் பிளேட் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தும்போது சத்தம் நின்றால் அங்கே ஒரு போல்ட்டு தளர்ந்துள்ளது என்று பொருள். சைலென்சர் கிளாம்ப் சூடாக இருக்குமாதலால் அதை என்ஜின் ஆறிய பிறகே அசைத்துப் பார்க்க வேண்டும். பின் சக்கரச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் சுமார் 2 முதல் 3 செ.மீ. ஆட்டம் இருக்கலாம். அதற்கு மேல் தொங்கினால் செயின் கவரில் உரசும்.

சைலென்சர் குழாய் என்ஜின் ஹெட்டோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் வளையம் தேய்ந்து புகை கசிந்தால் ‘டப் டப்’ என்று டேப்பட் சத்தம் போலவே கேட்கும். அந்த இடத்தைச் சுற்றிக் கரிக் கோடு படிந்திருப்பதே அடையாளம். வளையத்தை மாற்றி இரு நட்டுகளையும் சமமாக முறுக்கினால் போதும்.

முதலில் ஆயில்

எந்தச் சத்தமாயினும் மற்றதைத் தொடுமுன் ஆயிலைப் பார்ப்பது அவசியம். 100 சி.சி. என்ஜின் கொள்ளும் ஆயில் சுமார் 900 மில்லி முதல் 1 லிட்டர்தான். இதில் கால் பங்கு குறைந்தாலும் ஹெட்டின் உச்சிக்கு ஆயில் ஏறுவது குறையும். வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து அளவுக் குச்சியைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா இறக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் கறுத்திருப்பது இயல்பே. பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. விரல்களுக்கிடையே தேய்க்கையில் மினுமினுக்கும் தூள் தெரிந்தால் உள்ளே ஏதோ ஓர் உலோகப் பாகம் தேய்கிறது.

திருப்புளியே ஸ்டெதாஸ்கோப்

சத்தத்தின் இடத்தைக் காண நீளமான திருப்புளி ஒன்று போதும். அதன் முனையை என்ஜினின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிப் பிடித்துக் கேட்க வேண்டும். வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும். மூடிய கொட்டகையில் சேரும் புகை உயிருக்கே ஆபத்து. வேட்டி நுனியும் துண்டும் செயினில் சிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஹெட்டின் உச்சியில் சத்தம் மிகுந்தால் டேப்பட், இடப்புறம் மிகுந்தால் டைமிங் செயின், அடிப்பகுதியில் மிகுந்தால் கிராங்க் என்று ஓரளவு முடிவுக்கு வரலாம். கிளட்ச் பிடியை இழுத்தவுடன் சத்தம் மாறினாலோ நின்றாலோ குற்றம் கிளட்ச் அல்லது கியர் பக்கம். அது ஒர்க்‌ஷாப் வேலை.

டேப்பட்

‘டிக் டிக்’ என்ற மெல்லிய, சீரான சத்தம் டேப்பட்டுடையது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் வால்வு ஒருமுறை திறக்கும். ஐடிலில் நிமிடத்துக்கு 1,400 சுற்று என்றால் ஒரு டேப்பட்டின் தட்டல் 700 தான். கிராங்க் அடிப்பதோ சுற்றுக்கு ஒருமுறை. ஆகவே டேப்பட் சத்தம் என்ஜின் ஓட்டத்தைவிட நிதானமாக ஒலிப்பது போலக் காதுக்குப் படும்.

இடைவெளியைச் சரிசெய்ய ஏற்ற வேளை விடியற்காலை. என்ஜின் இரவு முழுதும் ஆறியிருக்க வேண்டும். சூடான என்ஜினில் வைக்கும் அளவு பிழையாகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வண்டியை டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னோக்கி மெல்லச் சுழற்ற வேண்டும். இடப்புற மூடியின் சிறு துவாரத்தில் ‘டி’ எழுத்துக் குறி தெரியும். அது கோட்டுக்கு நேர் வந்ததும் இரு ராக்கர்களையும் விரலால் அசைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் சிறு ஆட்டம் இருந்தால் இடம் சரி. ஒன்று இறுக்கமாக இருந்தால் கிராங்க்கை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி குறிக்குக் கொண்டுவர வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்த்தால் மொத்த வேலையும் வீண்.

இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மட்டுமே. வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் கையேட்டில் உள்ள அளவையே கொள்ள வேண்டும். அந்தக் கனமுள்ள ஃபீலர் தகட்டைச் செருகினால் லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகைச் சரிசெய்து, திருகு அசையாமல் பிடித்தபடியே நட்டை இறுக்கி, மீண்டும் ஒருமுறை தகட்டை விட்டுப் பார்ப்பது நலம். இறுக்கும்போது அளவு நகர்வது வழக்கம்.

சத்தமே வரக்கூடாது என்று டேப்பட்டை இறுக்கிவிடுவோர் உண்டு. இது தளர்வைவிடப் பெரிய தீங்கு. வால்வு முழுதும் மூடாமல் தீப்பிழம்பு கசிந்து அதன் விளிம்பு எரிந்துபோகும். வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். சிறிது தட்டும் டேப்பட் நல்ல டேப்பட்டே.

பழைய புல்லட் வைத்திருப்போருக்கு ஃபீலர் தகடும் வேண்டாம். ஆறிய என்ஜினில் வால்வு மூடியுள்ள நிலையில் புஷ் ராடு இரு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆட்டம் கூடாது. டி.வி.எஸ். 50, ராஜ்தூத் போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் இவ்வகை வால்வுகளே இல்லை. அவற்றில் டேப்பட் சத்தம் என்று யாரேனும் சொன்னால் வேறு ஒர்க்‌ஷாப் பார்ப்பது நல்லது.

டைமிங் செயினும் பிஸ்டனும்

இடப்புறம் ‘கரகர’வென்று ஒலித்து, ஆக்சிலேட்டரைச் சற்றுத் திருகியதும் குறைந்தால் அது டைமிங் செயின். ஆயிலை மாற்றி இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கலாம். குறையாவிட்டால் செயினையும் டென்ஷனரையும் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. செயின் பல் தாவினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

காலையில் தட்டி, சூடானபின் அடங்குவது பிஸ்டன் தேய்மானம். கூடவே நீலப் புகையும் வந்து, ஆயிலும் குறையும். இவ்வட்டாரத்தில் இதற்கு முக்கியக் காரணம் ஆயிலைவிட மணல் என்றே சொல்ல வேண்டும். தெற்கே நாசரேத்து, குதிரைமொழிப் பக்கத்துத் தேரிக்காட்டின் செம்மணல் உண்மையில் இரும்புத் துரு பூசிய படிகக்கல் துகள். ஆனி, ஆடி மேல்காற்றில் பறக்கும் இந்தத் தூசு ஏர் ஃபில்டரைத் தாண்டினால் உப்புத்தாள் போலச் சிலிண்டரை அராவிவிடும். ஆகவே அம்மாதங்களில் ஃபில்டரை மாதம் இருமுறை பார்க்க வேண்டும். ஸ்பாஞ்சு வகையை மண்ணெண்ணெயில் அலசி, பிழிந்து, உலர்த்தி, சிறிது ஆயில் தடவி மாட்டலாம். ஆயில் ஊறிய காகித வகையை ஊதவோ கழுவவோ கூடாது, மாற்றுவதுதான் வழி.

இரண்டு மூட்டை உரத்தோடு மேட்டில் ஏறும்போது மட்டும் ‘கணகண’ என்று கேட்டால் என்ஜின் திணறுகிறது என்று அர்த்தம். கியரைக் குறைத்தால் நிற்கும். நில்லாவிட்டால் ஹெட்டில் கரி படிந்திருக்கலாம்.

உடனே நிறுத்த வேண்டிய சத்தம்

அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனத்த சத்தம் எழுந்து, பாரம் ஏற ஏற அதிகரித்தால் கனெக்டிங் ராடின் பெரிய முனை பேரிங் போய்விட்டது. அந்த இடத்திலேயே என்ஜினை அணைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டோ வேறு வண்டியில் ஏற்றியோ கொண்டுபோக வேண்டும். இன்னும் 2 கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் ராடு முறிந்து என்ஜின் கூடே உடையக்கூடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணிக் கரை ஊர்களில் வீட்டு முற்றத்திலிருந்த வண்டிகள் மூழ்கின. இத்தகைய வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்வதே முதல் தவறு. சிலிண்டரில் தண்ணீர் நின்றால் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி, ஆயிலை முழுதும் வடித்து, கார்புரேட்டர் கிண்ணத்தையும் பெட்ரோல் டாங்க்கையும் காலி செய்து, ஃபில்டரைக் காயவைக்க வேண்டும். புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே பத்துப் பதினைந்து முறை கிக்கரை மிதித்துத் தண்ணீரை வெளியேற்றிய பின்னரே பிளக்கை மாட்டலாம். ஐந்து நிமிடம் ஓட்டி மறுபடி ஆயிலை வடிக்க வேண்டும். காப்பி நிறம் மறையும்வரை, இரண்டு மூன்று முறையானாலும் இதைச் செய்வதே சிக்கனம். அப்படிச் செய்யாமல் விட்ட வண்டியில் பேரிங் துருப்பிடித்துச் சில மாதம் கழித்து ஊளையிடும் சத்தம் வரும். அதற்குப் பேரிங்கை மாற்றுவதே வழி.

பழைய வண்டி வாங்குவோரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். தடித்த கியர் ஆயிலை ஊற்றிச் சத்தத்தை மறைத்து விற்பதுண்டு. விற்பவர் ஸ்டார்ட் செய்து தயாராக வைத்திருக்கும் வண்டியை அன்று வாங்காமல், மறுநாள் காலை போய், என்ஜின் குளிர்ந்திருக்கையில் தாமே ஸ்டார்ட் செய்து கேட்பது நலம்.

வடித்த ஆயிலை வாய்க்காலிலோ வாழைக்கட்டையிலோ கொட்டலாகாது. மூடியுள்ள பழைய கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட வேண்டும்.