நம்பிக்கைகளும் உண்மைகளும்: கச்சான் காற்றுக்குத் தாங்கும் பூமரங்கள்

சித்திரை விடுமுறையில் நுவரெலியாவுக்குப் போய்த் திரும்புகிற குடும்பங்கள், கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் தத்தம் வாசலில் வேனை நிறுத்தி இறங்கும்போது, கரட்டும் லீக்ஸும் நிறைந்த பைகளுக்கு நடுவிலிருந்து, கறுத்த பொலித்தீன் உறையில் வளர்ந்த ஒரு ஹைட்ரேஞ்சியாக் கன்றையோ மொட்டு விட்ட ரோசாக் கன்றையோ உறங்குகிற குழந்தையைத் தூக்கும் கவனத்தோடு தூக்கி இறக்குவதை நான் பல வருஷங்களாகப் பார்த்து வருகிறேன். ஆவணி பிறப்பதற்குள் அக்கன்றுகளிற் பெரும்பாலானவை கிணற்றடியில் காய்ந்த குச்சிகளாய் நிற்பதையும் பார்த்து வருகிறேன். "எங்கட மண்ணுக்கு ராசியில்ல" என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு மறு வருஷமும் அதே பிரயாசையை மேற்கொள்ளுகிற உம்மாமார்களின் ஆசை போற்றத்தக்கது. அந்த ஆசைக்குத் தடையாய் நிற்பது ராசியன்று; செடிகளைப் பற்றி நம்மிடையே வழங்கிவரும் சில தவறான அபிப்பிராயங்களே.

அவற்றுள் முதலாவது, எந்தச் செடியும் நாளடைவில் நம் ஊருக்குப் பழகிவிடும் என்பது. நுவரெலியா கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேல் உள்ளது; 1,000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய ஆறரைப் பாகை உஷ்ணம் குறையும் என்ற கணக்கின்படி, அங்கே வளர்ந்த கன்று நம் கரையில் இறங்கும்போது சுமார் பன்னிரண்டு பாகை கூடிய உஷ்ணத்துக்குள் வந்து விழுகிறது. பகல் வெயிலை நிழற்பந்தல் போட்டுத் தணித்துவிடலாம். ஆனால் குளிர்நாட்டுச் செடி பகலில் தேடிய உணவை இரவின் குளிர்ச்சியிலேயே சேமிக்கிறது, நம் ஊரின் புழுக்கமான இரவிலோ சேமிப்பதற்கு மேலாகச் செலவழித்து நாளுக்கு நாள் மெலிகிறது. மேலும், சித்திரையில் வாங்கி வந்த கன்றை அடுத்து எதிர்கொள்வது கச்சான் காற்று. மேற்கு மலைகளில் ஈரத்தையெல்லாம் இறக்கிவிட்டு வரண்டு இறங்கி வரும் அந்தக் காற்று, வேர் பிடிக்காத கன்றின் இலையிலிருந்து உறிஞ்சுகிற நீரை எத்தனை வாளி ஊற்றினாலும் ஈடுசெய்ய இயலாது.

இரண்டாவது அபிப்பிராயம் இன்னும் ஆழமாக வேரோடியது. நம் பிரதேசத்தில் மழை குறைவு, ஆகையால் வறட்சி தாங்குகிற செடி எதுவானாலும் இங்கே தழைக்கும் என்று படித்தவர்களும் சொல்லுகிறார்கள். பூகோள பாடத்தில் நம்மை உலர் வலயம் என்று பிரித்துவைத்ததன் விளைவு இது. வருஷத்துக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த மழை பெறும் பகுதியையே அவ்வாறு அழைப்பது வழக்கம்; நம் கரையோரத்திற் பெய்வது சாதாரணமாக 1,500 மில்லிமீற்றரை மிஞ்சும். எப்போதும் ஈரமாயிருப்பதாக நாம் நினைக்கிற இலண்டன் மாநகரம் பெறுவது சுமார் 600 மில்லிமீற்றரே. ஆகவே நமக்கு மழை குறைவு அன்று. மழை முழுவதும் ஒரே மூச்சில் வந்து போய்விடுகிறது என்பதுதான் விஷயம். ஐப்பசியில் தொடங்கி மார்கழி தையில் கொட்டித் தீர்த்து, வட்டையும் வளவும் ஒன்றாய் வெள்ளக்காடாகிக் கிடக்க, பிறகு மாதக்கணக்கில் வானம் திரும்பிப் பாராமல் இருந்துவிடுகிறது. இந்த மண்ணில் பல்லாண்டு வாழ வேண்டிய செடி, மாரியில் காலடியில் தேங்கும் வெள்ளத்தையும் கோடையில் காயும் மணலையும் ஒருங்கே சகிக்க வேண்டும். பாலைவன ரோசா என்று இப்போது வீட்டுக்கு வீடு வாங்கப்படும் அடீனியம் கச்சானில் கம்பீரமாய்ப் பூத்துவிட்டு மார்கழியில் அடித்தண்டு அழுகிச் சரிவதற்குக் காரணம் இதுவே. அதைத் தரையில் நடாமல் சட்டியில் வளர்த்து மாரி பிறந்ததும் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவைப்போர் வீட்டில் அது தலைமுறை காண்கிறது.

உள்நாட்டுச் செடி என்றால் நிச்சயம் பிழைக்கும், வெளிநாட்டுச் செடி என்றால் பிழைக்காது என்பது மற்றொரு வாதம். சிங்கராஜ வனத்தின் பன்னமும் இலங்கையைச் சேர்ந்ததுதான். அதை நிந்தவூர் மணலில் நட்டால் ஒரு கோடையைக் கடக்குமா? போகன்விலாவோ தென்னமெரிக்கச் செடி. 1767ஆம் வருஷம் கப்பற் பயணத்திடையே றியோ டி ஜெனீரோவில் கோமெர்சன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் கண்டெடுத்து, தம் கப்பற்படைத் தலைவரின் பெயரைச் சூட்டியது. அது நம் மதில்களின்மேல் சொந்த வீடு போலப் படர்ந்து பூக்கிறது. நித்தியகல்யாணி மடகஸ்காரிலிருந்து வந்தது. யாரும் நடாமலே நம் வாசற்படி இடுக்குகளில் முளைக்கிறது. தாயகம் எது என்பதைக் காட்டிலும், தாயகத்தில் மழை எப்போது பெய்தது, வெயில் எத்தனை மாதம் காய்ந்தது, நிலம் மணலா களியா என்ற வினாக்களே நம்மைச் சரியான கன்றிடம் சேர்ப்பவை.

இதற்குக் கண்கண்ட சாட்சி மட்டக்களப்பு வீதியில் காத்தான்குடியை அடைந்ததும் இருக்கிறது. பிரதான வீதியின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களைப் பார்த்து, அறபு நாட்டு மரம் இங்கே அலங்காரத்துக்கேயன்றிக் காய்ப்பதற்கல்ல என்று சொன்னவர்கள், அவை குலைகுலையாகக் காய்த்துத் தொங்கியதைப் பின்னர் கண்டார்கள். பேரீச்சங்காய் முதிரும் காலத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துப் புளிக்கும்; அது முதிர்வது கோடையில், நம் கரையிலும் அக்காலம் மழை ஓய்ந்த காலம். மாரியில் மழை எவ்வளவு கொட்டினாலும் அப்போது மரத்தில் பழம் இல்லை. அந்த மரத்தின் பஞ்சாங்கமும் நம் பஞ்சாங்கமும் ஒத்துப்போன அதிசயம் அது.

போகன்விலாவைப் பற்றி இன்னும் ஒரு சொல். பூக்கவில்லையே என்று அதற்கு மேலும் மேலும் நீர் ஊற்றுவோர், பூவைத் தாமே தடுக்கிறார்கள். நீர் மிகுந்தால் அது இலையும் முள்ளுமாய்த் தழைக்கும். சற்று வாடவிட்டாலே நிறம் காட்டும். பூவிதழ் என்று நாம் நினைக்கிற அந்த நிறமும் உண்மையில் பூவைச் சூழ்ந்த இலைகளே.

வெளிநாட்டுத் தோட்டக்கலை நூல்களைப் படிப்போருக்குப் பல்லாண்டுச் செடி என்ற சொல்லே ஒரு மயக்கத்தைத் தருகிறது. அந்நாடுகளில் அது குளிர்காலத்தில் மேற்பாகம் மடிந்து, வேரில் உறங்கி, வசந்தத்தில் மீண்டும் தளிர்ப்பது. நம்மிடம் பனி இல்லை. நம் செடிகளுக்கு உறங்கும் பருவம் கோடை. கார்த்திகைப்பூக் கொடி மாரியின் முதல் ஈரத்தில் கிழங்கிலிருந்து எழுந்து, தீச்சுடர் போலப் பூத்து, மழை ஓய்ந்தபின் அடையாளமின்றி மறைவதைப் பார்த்து, செத்துவிட்டது என்று கிளறி எறிந்தவர்கள் எத்தனை பேர்! கிழங்கு உயிரோடுதான் இருக்கிறது. (அக்கிழங்கு கொடிய நஞ்சு, சிறு பிள்ளைகள் உள்ள வளவில் அதையும், எவ்வளவு அழகாயிருந்தாலும் அலரியையும் தவிர்ப்பதே என் பிடிவாதம்.)

மணலில் ஒன்றும் வராது என்று அலுத்துக்கொள்வோர் கடற்கரை வரை ஒரு மாலை நடந்துபோய் வர வேண்டும். அடம்பங்கொடி கணுவுக்குக் கணு வேரூன்றி மணலைக் கட்டிப் பிடித்திருக்கிறது. பூவரசும் புன்னையும் தம் விதைகளைக் கடலலையிலேயே மிதக்கவிட்டுக் கரை தோறும் குடியேறியவை. மணலின் குறை, நீரையும் உரத்தையும் நிறுத்திவைக்காமல் கீழே விட்டுவிடுவது. குழியின் அடியில் தேங்காய்ப் பொச்சைப் பரப்பி, மக்கிய எருவும் சருகும் கலந்து நிரப்பினால் அக்குறை பெரிதும் தீரும். நாள்தோறும் கைப்பிடி நீர் தெளிப்பதும் உபகாரமன்று. மேல்மண் மட்டும் நனைவதால் வேர் மேலேயே சுற்றித் திரிந்து, வீட்டார் ஒரு வாரம் ஊருக்குப் போனால் மடிகிறது. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ஆழ நனையும்படி ஊற்றினால் வேர் ஆழத்தைத் தேடிப் போகும். வுழூச் செய்த தண்ணீர் சவர்க்காரம் கலவாதது. பள்ளிவாசல்களில் ஐவேளையும் ஓடி வடிகாலில் சேரும் அந்த நீரை ஒரு வாய்க்கால் வெட்டிப் பூமரங்களின் அடிக்குத் திருப்பலாம். நட்ட மரத்திலிருந்து பறவை தின்பதும் நட்டவருக்கு ஸதகா என்று கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

கிணறு உவர்த்துவிட்டால் முழுவதையும் இறைத்துவிட வேண்டும் என்ற நம்பிக்கை, 2004 டிசம்பர் 26இல் கடல் நம் வீடுகளுக்குள் வந்து போனபின் பெரும் தீங்காய் முடிந்தது. மணலுக்கடியில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது; கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலேயுள்ள ஓரடியை இறைத்தால் கீழிருந்து உவர் அந்த நாற்பதடி அளவுக்கு ஏறி வரும். அளவோடு எடுத்து, மாரி மழையை மணலுக்குள் இறங்க விடுவதே மருந்து என்று வல்லுநர்கள் பின்னர் அறிவுறுத்தினார்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகும் தென்னைகள் பெரும்பாலும் பிழைத்து நின்றதைக் கண்டோம். உப்பு எல்லாச் செடியையும் ஒன்றுபோலக் கொல்லாது என்பதை அன்றே அறிந்திருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் மரங்களை எண்ணும் மனம் யாருக்கு இருந்தது?

மல்லிகை வாசத்துக்குப் பாம்பு வரும் என்பதை ஒரு வரியில் முடித்துவிடலாம்: பாம்பு எலியையும் தவளையையும் தேடி வருகிறது, புதரின் அடியைத் துப்புரவாக வைத்திருங்கள், மல்லிகையை வெட்டாதீர்கள்.

நம் வழக்கத்தில் வீடு மகளுக்குச் சீதனமாய்ப் போகிறது. வீட்டோடு வளவும், வளவோடு உம்மா நட்ட மரமும் போகின்றன. வளவுகள் துண்டாகித் துண்டாகிச் சுருங்கிவிட்ட இந்நாளிலும் கிணற்றடி மூலையில் ஒரு மருதோன்றிப் புதருக்கு இடம் காண முடியும். சூடும் வறட்சியும் மிக்க நாடுகளில் நெடுங்காலம் பயிராகி வந்த அது கச்சானுக்கு அஞ்சாது; வெட்ட வெட்டத் துளிர்க்கும்; சிறுபூக்களின் மணம் மாலையில் வளவு முழுவதும் நிறையும்; பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் பெண்களின் கையைச் சிவக்க வைக்கும். கடைகளில் கூம்பாய் விற்கும் கறுத்த பசையிற் சில, தோலைக் கொப்புளிக்கச் செய்யும் இரசாயனச் சாயம் கலந்தவை. முற்றிய கிளையில் ஒரு சாண் நீளத் தடியை வெட்டி, ஐப்பசியில் முதல் மழை விழுந்து மணல் உள்ளே குளிர்ந்ததும், இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றிவிடுங்கள். தை முடிவதற்குள் வேர் பிடித்துவிடும்.